ஒன்றாம் லைனில் நாற்றம் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

சாயங்கால ரயிலில் ஏகாம்பரம் ஏறியதும் எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "யாரோ கேஸ் சிலிண்டர் ஏத்திகினு வராங்க போல. நாறுது பாரு" என்றார். இரண்டு பேர் எழுந்து இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். ஏகாம்பரம் வாசல் கம்பி அருகே போய் நின்றுகொண்டார். அவருடைய சட்டையில் இருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வகையில் அந்த அம்மாள் சொன்னது சரி. சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலக்கிற பொருளும், எங்கள் தொழிற்சாலையில் மாடிஃபையர் என்று சொல்லும் திரவமும் ஒரே குடும்பம். இரண்டிலும் கந்தகம். நாங்கள் எண்ணெய்க் குழாய்களுக்கான செயற்கை ரப்பர் செய்கிறோம். ரியாக்டருக்குள் சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து சங்கிலியாகின்றன. சும்மா விட்டால் சங்கிலி நீண்டுகொண்டே போகும். ரப்பர் விறைத்து, வாங்குகிறவரின் எந்திரத்தில் மசியாது. மாடிஃபையர் ஒரு சங்கிலியை அங்கேயே முடித்துவைத்து இன்னொன்றைத் தொடங்க விடுகிறது. ஒரு பேட்சுக்கு ஆறு கிலோ. இரண்டு டன் ரப்பர் அந்த ஆறு கிலோவின் பேச்சைக் கேட்கிறது.

ஒன்றாம் லைனில் அதை ஊற்றுகிறவர் ஏகாம்பரம். ஒன்பது வருடம் கான்ட்ராக்ட். ஜூலை முதல் தேதி நிரந்தரமாகும் இரண்டு பேரில் ஒருவர் அவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கவரைப்பேட்டை வருவதற்குள் கூட்டம் குறைந்தது. எழுந்துபோய்ப் பேசினேன்.

"எங்க வூட்டு வரிசையில நான் உள்ள நொழஞ்சா பக்கத்து வூட்டுக்காரங்க ரெகுலேட்டர மூடறாங்க மேடம்" என்றார். "போன வாரம் ஒருத்தர் ஏஜென்சிக்கே போன் பண்ணிட்டாரு. எம் பொண்ணு எங்கூட குந்தி சாப்ட மாட்டேங்குது."

"துணி ஊற வைக்கிற தண்ணியில ப்ளீச்சிங் கொஞ்சம் கலந்துக்கங்க. இந்த நாத்தத்த அழிச்சிடும்."

"அழிச்சிடுமா?"

"அடியோட."

சந்தோஷமாக இறங்கிப் போனார். லேபில் வேலைக்குச் சேர்ந்த இந்த ஐந்து மாதத்தில் நான் படித்த வேதியியல் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது இன்றுதான்.

ஜூன் 5, வியாழன்

பொன்னேரி அறையில் தண்ணீர் வரவில்லை. அறைத்தோழி ஹசீனா இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தாள். முறைப்படி இன்று நான் பிடித்திருக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்றாம் லைன் ரப்பரின் மூனி எண் 57. ஐம்பது வர வேண்டும், ஐம்பத்தைந்துவரை பொறுக்கலாம். சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே ரப்பரை வைத்து, அதற்குள் ஒரு வட்டை சுழலவிட்டு, ரப்பர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளக்கும் எந்திரம் தருகிற எண் அது. ஒரு நிமிடம் சூடாக்கல், நான்கு நிமிடம் சுழற்சி. மூன்று முறை ஓட்டினேன். 57, 57, 58.

இரண்டாம் லைன் 50.

ஜூன் 12, வியாழன்

இன்று 60. இரண்டாம் லைன் 49.

எந்திரத்தைச் சரிபார்த்தேன். மாடிஃபையர் டிரம்மில் இருந்து மாதிரி எடுத்து வெள்ளி நைட்ரேட்டில் சோதித்தேன். சுத்தம், குறையில்லை. இரண்டு லைனுக்கும் ஒரே டிரம், ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். வேறு வேறாக இருப்பவை கைகள் மட்டுமே. ஒன்றில் ஏகாம்பரம், இரண்டில் தணிகைவேல். தணிகைவேல் பன்னிரண்டு வருடமாக நிரந்தரம்.

உற்பத்தி மேலாளர் பத்ரி சார் லேபுக்கே வந்துவிட்டார். "அடுத்த வாரம் இந்த ரப்பர அனுப்பணும். காரணம் சொல்லுங்க சங்கவி" என்றார்.

தணிகைவேல் மாதிரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கான்ட்ராக்ட் கைய நிரந்தரக் கையாக்கப் போறாங்களாம். நமக்கு இன்னாத்துக்கு வம்பு."

ஜூன் 13, வெள்ளி

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்புகளை ரயிலில் படிக்கிறேன். குற்றவாளியை முகத்தில் தேடாதே, பழக்கம் எப்போது மாறியது என்று பார் என்கிறார். ஏகாம்பரத்தின் பழக்கம் மாறியிருக்கிறது. ஒரு வாரமாக எண்ணெய் வைத்துத் தலை வாரியிருக்கிறார். வெளுத்த சட்டை. காண்டீனில் பேக்கிங் பெண்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். முன்பெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார்.

அங்கேயே போய்க் கேட்டேன். "மாடிஃபையர் ஆறு கிலோ முழுசா போடறீங்களா?"

"தராசுல வெச்சி எடை பாத்துதான் மேடம் ஊத்தறேன். ஒம்பது வருசமா அப்டிதான்."

"கொறைஞ்சிருக்குமோன்னு கேக்கறேன்."

"கொறைக்க இன்னா மேடம் அது, சாம்பாரா?"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் தட்டைப் பார்த்தார். அதைக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

63.

காலையில் நானே மேலே போனேன். மாடிஃபையர் ஊற்றும் தளம் இரண்டாம் மாடி. இதுவரை ஏறியதில்லை; லேப் ஆட்களுக்கு அங்கே வேலையில்லை. இரண்டாம் லைன் பக்கம் படியிலேயே கண் கரித்தது. அங்கே மாடிஃபையர் ஊற்றும் பாத்திரத்தை, அதற்குப் 'பாட்' என்று பெயர், தணிகைவேல் அப்போதுதான் மூடியிருந்தார். முகத்தில் துண்டு.

ஒன்றாம் லைன் பக்கம் போனேன். ஏகாம்பரம் ஊற்றி முடித்து கீழே போயிருந்தார். பாட் மூடியருகே குனிந்தேன். குழாயை முகர்ந்தேன். தரையை முகர்ந்தேன்.

நாற்றம் இல்லை. ஏதோ கழுவிவிட்ட இடம் போல இருந்தது.

அந்தத் திரவத்தை ஒரு சொட்டு சிந்தினாலே மூன்று நாள் போகாது. ஆறு கிலோ ஊற்றிய இடம் இப்படி இருக்க முடியாது. என்ன ஊற்றுகிறார் இவர்? எதையாவது ஊற்றுகிறாரா?

ஜூன் 17, செவ்வாய்

அறிக்கை கொடுத்துவிட்டேன். 'ஒன்றாம் லைனில் மாடிஃபையர் குறைவாக இடப்படுவதாகத் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தேன். பத்ரி சார் படித்துவிட்டு, 'இடப்படுகிறது' என்று பேனாவால் திருத்தினார். "தோன்றுகிறதுன்னு எழுத நாம என்ன ஜோசியமா பாக்கறோம்?" திருத்தியதைத் தட்டச்சு செய்து நானே கையெழுத்துப் போட்டேன். எங்கும் பெயர் சொல்லவில்லை. ஒன்றாம் லைன் என்றுதான் இருக்கிறது.

சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். உப்பு மறந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

டிரம்மில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். இரண்டு லைனுக்கும் சேர்த்து எவ்வளவு குறைந்திருக்க வேண்டுமோ அவ்வளவு குறைந்திருக்கிறது. டிரம்மில் இருந்து ஆறு கிலோ வெளியே வருகிறது. ரியாக்டருக்குள் ஆறு கிலோ போகவில்லை. நடுவே எங்கோ போகிறது.

ஹசீனாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதப் போய் யாருடி திருடுவா? திருடினவன புடிக்க போலீஸ் நாய் வேணாம், நானே போதும்."

"எங்கயாவது வாங்கறவங்க இருப்பாங்க."

"நீ அந்த நீதிபதி புக்க மூடி வை முதல்ல. உனக்கு எல்லாரும் கூண்டுல நிக்கற மாதிரியே தெரியுது."

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏகாம்பரத்தின் பையில் கொஞ்ச நாளாக ஒரு வெள்ளை கேன் இருக்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும். இரண்டு முறை ரயிலில் பார்த்தேன்.

மூன்று மணிக்கு கேட் பக்கம் போய்வந்தேன். கூரியர் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க.

ஜூன் 19, வியாழன்

காலையில் கேட்டில் ஏகாம்பரத்தின் பையைச் சோதித்தார்கள். செக்யூரிட்டிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் அவருக்கு நான்கு பேர் பின்னால் நின்றிருந்தேன். காவலர் கேனைத் திறந்து முகர்ந்து, முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். "ப்ளீச்சிங்யா இது. கக்கூஸ் கழுவற ப்ளீச்சிங்."

"வூட்டுக்கு வாங்கினது சார்."

"வூட்டுக்கு வாங்கினத வேலைக்கு வரும்போது ஏன்யா உள்ள எடுத்துகினு போற? சாயங்காலம் வாங்க வேண்டியதுதான?"

ஏகாம்பரம் திரும்பி வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காவலரிடம், "தப்புதான் சார். தெரியாம எடுத்துகினு வந்துட்டேன்" என்றார்.

வெளிப்பொருள் கொண்டுவந்ததாகப் பதிவேட்டில் எழுதினார்கள். பத்து மணிக்கெல்லாம் அவரை பேக்கிங்கில் மூட்டை அடுக்க அனுப்பிவிட்டார் பத்ரி சார். நிரந்தரப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லி சென்னை அலுவலகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். என் அறிக்கையையும் சேர்த்து.

அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றாம் லைன் 51. இன்று ஊற்றியது தணிகைவேல்.

"பாத்தீங்களா? ஆள மாத்தின உடனே சரியாயிடுச்சு. உங்க கணக்கு கரெக்ட்" என்றார் பத்ரி சார். இந்த வேலையில் சேர்ந்தபின் முதல் பாராட்டு.

மாதிரியைக் கொண்டுவந்த தணிகைவேல் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பாட்டுல அடியில இன்னாவோ தண்ணி கெடந்துச்சு மேடம். ரெண்டு மூணு லிட்டரு இருக்கும். வால்வு கொஞ்சம் மேல இருக்குல்ல, முழுசா வடியாது. வழிச்சி ஊத்திட்டு அப்புறம்தான் போட்டேன். கண்ணெல்லாம் எரியுது."

சரி என்றேன்.

ஜூன் 21, சனி

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு குடுவையில் மாடிஃபையர் எடுத்தேன். கடையில் விற்கும் ப்ளீச்சிங் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினேன். குடுவை கைக்குச் சூடானது. சிறிது நேரத்தில் நாற்றம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். போய்விட்டது. அடியோடு.

மிஞ்சியதை வெள்ளி நைட்ரேட்டில் சோதித்தேன். மாடிஃபையர் ஏறக்குறைய இல்லை.

கல்லூரி இரண்டாம் வருடப் பாடம் இது. மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் ஒட்டியிருக்கின்றன. நாறுவதும் அதுதான், சங்கிலியை முடிப்பதும் அதுதான். நாற்றத்தைக் கொன்றால் வேலையும் செத்துவிடும். பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் 3 பக்கத்தைப் படித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தலையணை உறைகளைத் துவைத்தேன். அலமாரியில் பழைய செய்தித்தாளை எடுத்துப் புதிது விரித்தேன்.

நான் துணிக்குத்தான் சொன்னேன். பாட்டுக்குள் ஊற்றச் சொல்லவில்லை. எந்தப் பாத்திரத்திலும் அனுமதியில்லாமல் எதையும் ஊற்றக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. வெறும் மாடிஃபையரோடு அதிகமாகக் கலந்திருந்தால் பாட் கொதித்து அவர் முகத்திலேயே அடித்திருக்கும். எனக்கும் தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது. அறிக்கையில் எழுதிய முடிவு, அதாவது மாடிஃபையர் குறைவு என்பது, பார்க்கப்போனால் சரிதான்.

மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வக்கீல் எழுதியதுபோல் இருக்கிறது.

ஹசீனா இரண்டு முறை கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. வெயில் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

பேக்கிங்கில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து கிலோ ரப்பர்க் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைத்துண்டால் ஒரு பெட்டியைத் துடைத்து, "குந்துங்க மேடம்" என்றார். நான் உட்காரவில்லை.

"பாட்டுல ப்ளீச்சிங் ஊத்தினீங்களா?"

"ஊத்தி ஊற வெச்சேன். ஊத்தி முடிச்ச ஒடனே பாட்டு, குழா எல்லாத்துலயும் நெறைச்சிடுவேன். மறுநாள் காலைல வடிச்சிட்டு மருந்து போடுவேன். துணிக்கே அப்டி கேக்குதே, நாறுற எடத்துலயே போட்டா துணியில ஏறவே ஏறாதுல்ல?" குரலைத் தாழ்த்தினார். "கேட்டுல ஒங்க பேர நான் சொல்லல மேடம். வெளிப்பொருள் கொணாந்தது குத்தம்னுட்டான். நீங்க புதுசு. எதுக்கு ஒங்களுக்கு ஒரு கெட்ட பேருன்னு."

நான் சொன்னேன், ப்ளீச்சிங் மாடிஃபையரைக் கொன்றுவிடும் என்று. நாற்றம் போனால் அதன் வேலையும் போய்விடும் என்று.

"அதுக்கு இன்னா வேல மேடம்?"

புரியவில்லை எனக்கு. விளக்கிச் சொன்னார்.

"ஒம்பது வருசமா ஊத்தறேன். ஆறு கிலோ ஊத்து, வால்வ மூடு, நைட்ரஜன் குடு. இதான் சொன்னாங்க. அது உள்ள போய் இன்னா பண்ணுதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நாத்தத்துக்கு ஒரு வேல இருக்கும்னு எனக்கு எப்டி தெரியும்?"

சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ஒரு கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். "அப்ப ரப்பர் வெறைச்சது என்னாலதான்" என்றார்.

"நான் சொன்னதாலதான்."

"அத வுடுங்க. நீங்க நல்லதுக்கு சொன்னீங்க. மருந்த கொறைச்சி போட்டேன்னு எவனோ எழுதிக் குடுத்துகிறான் பாருங்க, அவன்தான் என் வயித்துல அடிச்சவன். தணிகைவேலாதான் இருக்கும்."

"அந்த அறிக்கை நான் எழுதினது."

கட்டியில் இருந்து கையை எடுத்தார்.

"கேட்டுல பைய பாக்கச் சொன்னதும் நான்தான்."

இந்த நோட்டிலேயே அதை இன்றுதான் எழுதுகிறேன்.

கைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். மேடம் சேர்க்கவில்லை. அடுத்த கட்டியைத் தூக்கினார்.

ஜூன் 24, செவ்வாய்

புதிய அறிக்கை எழுதினேன். முந்தைய அறிக்கை தவறு. மாடிஃபையர் முழு அளவு இடப்பட்டது. பாட்டின் அடியில் தங்கிய ப்ளீச்சிங்கால் அது செயலிழந்தது. ப்ளீச்சிங் நாற்றத்தை அழிக்கும் என்று ஆபரேட்டரிடம் சொன்னது நான், எதில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லாததும் நான். சோதனை எண்களையும் சேர்த்தேன்.

பத்ரி சார் இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத எதுக்கு எழுதறீங்க? ரப்பர் சரியாயிடுச்சு. ஆள் மாறியாச்சு."

"அவர் கொறைச்சிப் போடல சார்."

"அனுமதி இல்லாம ஊத்தினாரா இல்லையா?"

"ஊத்தினார். அதை எழுதியிருக்கேன். போன அறிக்கையில இருக்கறது வேற. அது அவர் செய்யாதது."

"போன அறிக்கையில உங்க கையெழுத்து இருக்கு. இதுலயும் இருக்கு. சென்னைல ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்பாங்க. உங்க ப்ரொபேஷன் ஃபைல் என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு நாள் யோசிங்க."

"நாலு நாள் யோசிச்சிட்டேன் சார்."

சென்னைக்கு நகல் ஏற்கெனவே அனுப்பிவிட்டதைச் சொன்னேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

சென்னையில் இருந்து பதில் இல்லை. தணிகைவேல் என்னிடம் பேசுவதில்லை. பேக்கிங் பெண்களும். ரயிலில் ஏகாம்பரம் அடுத்த பெட்டியில் ஏறுகிறார். இப்போது அவர்மேல் எந்த நாற்றமும் இல்லை, என்னோடு ஒரே பெட்டியில் வரலாம்.

ஜூலை 1, செவ்வாய்

பட்டியலில் ஒரே பெயர். ஏகாம்பரம் இல்லை. அவருக்குத் தனியாக ஒரு கடிதம்: குறைவாக இட்டார் என்ற குற்றச்சாட்டு நீக்கம், அனுமதியற்ற கழுவலுக்கு எச்சரிக்கை, மீண்டும் ஒன்றாம் லைன், நிரந்தரம் பற்றி ஆறு மாதம் கழித்துப் பார்க்கப்படும்.

எனக்கும் கடிதம். தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. மாடிஃபையர் பாட்டைக் கையாளும் முறையை ஒன்றாம் லைன் ஆபரேட்டருக்கு நேரில் விளக்க வேண்டும்.

ஹசீனா இரண்டையும் கேட்டுவிட்டு, "அவருக்கு ஆறு, உனக்கு ஆறு. நியாயம் போலத்தான் தெரியுது, இல்ல?" என்றாள். அவருடைய ஆறு மாதத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் இருப்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை ஏழு மணிக்கு இரண்டாம் மாடிக்கு ஏறினேன். ஏகாம்பரம் எனக்கு முன்பே வந்திருந்தார். டிரம்மும் கைப்பம்பும் தராசும் தயாராக இருந்தன. தலையில் எண்ணெய் இல்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பாட்டைத் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். வால்வைத் திறந்து வடித்து, அடியில் தங்குவதை வழித்தெடுத்து, துணியால் துடைத்துக் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். பாட், குழாய் இரண்டிலும் ப்ளீச்சிங் படவே கூடாது. துணிக்கு மட்டும் ப்ளீச்சிங் போடலாம்; துவைக்க லேபில் தனி வாளி வைத்திருக்கிறேன்.

முடித்ததும் ஏகாம்பரம் சட்டைப்பையில் இருந்து ஒரு கோடுபோட்ட தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுங்க மேடம்."

தராசு மேசையில் வைத்து எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார்.

"இது இன்னா வேல செய்யுதுன்னு எழுதல."

அதையும் எழுதினேன். சங்கிலி, நீளம், கந்தகம். தாளின் பின்பக்கம் பாதிவரை போனது.

"எம் பொண்ணு பதினொண்ணாவது. அதுகிட்ட காட்டிக் கேப்பேன், சரியாகீதான்னு."

"கேளுங்க."

"துணிக்கு ப்ளீச்சிங் போடலாம்னு சொன்னீங்களே இப்ப. அதுவும் இதுல இல்ல."

அதையும் சேர்த்தேன். கீழே கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தேதி."

போட்டேன்.

"நேரம் போடுங்க."

கடிகாரம் பார்த்து, 7.20 என்று போட்டேன். கீழ்த்தளத்தில் இருந்து யாரோ மாடிஃபையர் தயாரா என்று கத்திக் கேட்டார்கள். ஏகாம்பரம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்து, "இரு, மேடம் எழுதிகினு இருக்காங்க" என்றார். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து என் கையெழுத்தை உற்றுப் பார்த்தார்.

"இது புரியல. பேர எழுதுங்க."

இரா. சங்கவி என்று எழுதினேன், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி. படித்தார். நான்காக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயை மடக்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானை மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் டிரம்மின் மூடியில் கை வைத்தார்.